தீவன அறைக்குள் இருப்பவன்

வெளிச்சம் மங்கும்போதே நாச்சிமுத்து தீவன அறைக்குள் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். "பூட்டிப்போடு புள்ள. அவன் வர்ற நேரமாச்சு" என்பார். மனைவி உண்ணாமலை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒயின்ஷாப் அடைத்த பிறகுதான் திறப்பாள்.

பகலில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நாமக்கல் பக்கத்து அந்தக் கோழிப்பண்ணையில் அவர் பொறுக்கி அட்டையில் அடுக்கும் முட்டையில் ஒரு கீறல் இருக்காது. செத்த கோழியைத் தொடச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குரல், தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் கரகரக்கும்.

அறைக்குள்ளிருந்து வருவதோ வேறு குரல். தேன் தடவிய மெல்லிய குரல். "கண்ணு, ஒரே ஒருவாட்டி தொறந்துடு சாமி. தொண்ட காயுது." இத்தனை வருடக் குடித்தனத்தில் நாச்சிமுத்து அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. அதைக் கேட்டதும் கூண்டுக்கோழிகள் ஒரேயடியாக அடங்கிவிடும். உண்ணாமலை இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விடிந்ததும் பழைய கரகரப்பு கேட்கும்: "அவன் ரொம்பப் பேசுனானா?"

குடித்துவிட்டு முட்டை வண்டி ஓட்டி, சைக்கிளில் போன பெரியசாமியைக் கொன்றவர் அவர். சிறைக்குப் போய்வந்த பிறகும் ஒரே பேச்சுத்தான்: "நான் ஓட்டலீங்க. அவன் ஓட்டுனானுங்க."

இந்தப் பேச்சு காதில் விழுந்து, போன மாதம் ஒரு சாயங்காலம் பெரியசாமியின் மனைவி பாப்பாயி வந்தாள். உள்ளே அந்தக் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. நேரே கதவருகே போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எம்பட ஊட்டுக்காரரு மேல வண்டிய ஏத்துனது ஆருங்க?"

"நாச்சிமுத்துங்க" என்றது தேன்குரல், சிரிப்போடு. "எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்களே."

பாப்பாயி கதவில் கையை வைத்தாள்.

"ரெண்டு பேருமே ஓட்டலீன்னா, அவரு தானாவே செத்தாருங்களா?"

உள்ளிருந்து இந்த முறை கரகரத்த குரல் வந்தது.

"நாந்தானுங்கம்மா. கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருந்துச்சு. அவரு பெல் அடிச்சதும் கேட்டுச்சுங்க."

பாப்பாயி உண்ணாமலையிடம் கை நீட்டிச் சாவியை வாங்கினாள். பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினாள். "இனிப் பூட்டாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஒயின்ஷாப் விளக்கு இங்கிருந்தே தெரிந்தது. எந்தக் குரல் எழுந்து வரப்போகிறதோ என்று உண்ணாமலை அங்கேயே நின்றாள். உள்ளே மூட்டை சரியும் சத்தம் கேட்டது. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்தியது.