எங்களுக்கு வராத காய்ச்சல்

கண்ணாடித் தெர்மோமீற்றர் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அதை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். மச்சாள் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அது தொத்தோரே தந்தது.

இங்கே இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில், டொக்டர்மாரைத் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்றுப் பல வருடமான அவரைப் பார்த்துக்கொள்ள, வன்னியிலிருந்து வந்த புதிதில் சேர்ந்தேன். துறைமுகத்தைப் பார்த்த நாலாம் மாடி வீடு. அங்கேயே தங்கல், ஞாயிறு மட்டும் போர்கோ வெக்கியோவில் மச்சாள் வீடு. தொத்தோரேக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில், பிலடெல்பியா என்ற நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் சனம் செத்ததைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். முடிக்கிற நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் சியாகுல்லி மண்டரின் தோடம்பழம் உரித்துக் கொடுக்க, சுளையை மென்றபடி சாவுகளைச் சொல்வார். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்களாம். மிஞ்சியவர்கள் வினாகிரியில் நனைத்த துணியை மூக்கில் பிடித்தபடி நடுத்தெருவில் நடந்தார்களாம். நுளம்புதான் காரணமென்று தெரியாமல், துறைமுகத்தில் அழுகிக் கிடந்த கோப்பிக்கொட்டையைக் குற்றஞ்சொன்னார்களாம். எனக்கு அலுப்பாக இருக்கும். போரைத் தாண்டி வந்தவளுக்குப் பழைய சாவுகளைக் கேட்க எங்கே பொறுமை? தலையாட்டிவிட்டுப் பீங்கான் கழுவப் போய்விடுவேன்.

ஒன்றை மட்டும் என்னை இருத்திவைத்துச் சொன்னார். அந்த ஊர்க் கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது என்று பெரிய டொக்டர் ஒருவர் நம்பி, நோயாளிகளைப் பார்க்க அவர்களைக் கேட்டாராம். அவர்களும் போனார்கள். சொந்தப் பிள்ளைகளே கைவிட்டவர்களைக் கழுவினார்கள், புதைத்தார்கள். காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் அடங்கியபிறகு, களவெடுத்தார்கள் என்ற பழிதான் கிடைத்தது. "ஒருத்தரும் அவையளின்ரை நெத்தியைத் தொட்டுப் பாக்கேல்லை," என்றார். அவர் பேசியது இத்தாலியன். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது.

அந்த மாசியில் ஒரு ஞாயிறு, மச்சாள் வீட்டில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பெர்மெசோ, அதுதான் இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வேலை போனால் அதுவும் இழுபடும். அது கிடைத்தால்தான், ஊரில் தங்கையிடம் விட்டுவந்த மகனைக் கூப்பிடலாம்.

"காய்ச்சல் எண்டு வாய் திறந்திடாதை," என்றாள் மச்சாள். "கிழவன்ரை மகள் நாளைக்கே வேறை ஆளை வைச்சிடுவாள்."

"அவருக்குத் தொத்தினால்?"

"கொத்தமல்லித் தண்ணியைக் குடிச்சிட்டு, ரெண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போ. செல்லடிக்கேக்கை வராத சாவு இதிலையோ வரப்போகுது?"

நானும் நம்பினேன். பங்கருக்குள் கிடந்து தப்பிய உடம்பு என்ற திமிர் எங்கள் சனம் எல்லாருக்கும் உண்டு. போனேன். சூப் பருக்கினேன், உடம்பு துடைத்துவிட்டேன். புதன்கிழமை அவர் படுத்துவிட்டார்.

அவருடைய மகள் வந்தார், சிஞ்ஞோரா என்றுதான் நான் கூப்பிடுவது; வாசலைத் தாண்டவில்லை. மருந்துப் பையைக் கதவடியில் வைத்துவிட்டு, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உள்ளை வந்தால் என்ரை பிள்ளையளுக்குத் தொத்தும். நீங்கள் பலமான ஆக்கள், உங்களுக்கு ஒண்டும் வராது," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டேன். ஓம் என்றேன்.

உள்ளே போய்த் தலையணையை உயர்த்தியபோது தொத்தோரே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு தெர்மோமீற்றரைத் துடைத்து, உதறி நீட்டினார். முப்பத்தொன்பது பாகை, நல்ல காய்ச்சல்.

"எத்தினை நாளா?"

"ஞாயிறிலையிருந்து."

என்னிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று இருவருக்கும் விளங்கியது. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மகளுக்குப் போன் எடுத்தார். "இஞ்சை ரெண்டு நோயாளி. வந்து பார்," என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவையளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தன். உன்ரை நெத்தியை நானும் தொட்டுப் பாக்கேல்லை."

சிஞ்ஞோரா வந்து இருவருக்கும் சூப் வைத்தார். நான் எழும்பினேன், அவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது தெர்மோமீற்றரை என் கையில் வைத்து, "ஒவ்வொரு நாளும் பார்," என்றார். அங்கிருந்து திரும்பி வரவில்லை. சிஞ்ஞோரா என்னை ஒரு சொல் குற்றஞ்சொல்லவில்லை. தானே தெரிந்தவர்களிடம் பேசி வேறு வேலை எடுத்துத் தந்தார். பெர்மெசோவும் கிடைத்தது. மகன் வந்துவிட்டான், சிசிலி இழுவையில் இத்தாலியன் பேசுகிறான். அவனைப் பார்க்கும் சந்தோஷத்துக்குள்ளும் அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. எத்தனை வருடம் போனாலும் அது கனமாகவே இருக்கிறது.

இன்று காலை முப்பத்தெட்டு. இப்போது நான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகனுக்குப் போன் எடுத்தேன்.

"எனக்குக் காய்ச்சல். இண்டைக்கு வரமாட்டன்."

"உங்களுக்குமோ காய்ச்சல் வரும்?" என்றார்.

"ஓம், எங்களுக்கும்தான்."

போனை வைத்துவிட்டுத் தெர்மோமீற்றரை உதறிக் கூட்டுக்குள் வைத்தேன். சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.