ஆடியில் என் பெயரில் எழுதிய கார்

ஐம்பத்தாறு லட்ச ரூபாய் கார் ஒன்று இருபத்திரண்டு நாள் என் பெயரில் இருந்தது. காகிதத்தில்தான். அந்தக் காகிதத்தால் பத்தொன்பது வருஷம் பார்த்த வேலையை விட்டேன். வேலை போனதற்கு நான் வருந்தவில்லை. ஸ்டீரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கேயும் சோறு உண்டு. ஒரு வீடே என்னைத் திருடன் என்று நினைத்ததே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கிறிஸ்தவன் நான். பாகூரில் ஒரு பெரிய கரும்பு விவசாயியிடம் டிரைவராக இருந்தேன். ரோட்டை ஒட்டியிருந்த நிலத்தில் பாதியை அவர் மனை போட்டு விற்றார். கையோடு பெரிய கார் ஆசை வந்தது. புதுச்சேரி ஷோரூமுக்கு என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. யாராவது பெயர் கேட்டாலே காது சூடாகிவிடும். ஆனால் வண்டி விஷயம் எனக்குத் தெரியும் என்பது முதலாளிக்குத் தெரியும். முதலாளியம்மாவும் கூட வந்திருந்தார்.

டை கட்டிய சேல்ஸ்மேன் விலைப் பட்டியலை மேஜையில் விரித்தார். முதலாளி அதைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். நான் காரின் பின்பக்கம் போய்க் குந்தினேன். டயரின் ஓரத்தில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த வருஷம் என்று சொல்லும். இதைப் படிக்க ஐந்தாவது போதும். போன வருஷத்து டயர். கதவைத் திறந்து அது பொருந்துகிற சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டையும் பார்த்தேன். அதுவும் போன வருஷம்தான். திரும்பி வந்து முதலாளியின் காதில் சொன்னேன்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்பா, டயரு போன வருசம் பொறந்துருக்குது. காரு மட்டும் இந்த வருசமா? புள்ள பொறக்கறதுக்கு முன்ன செருப்பு வாங்கி வச்சீங்களா?"

சேல்ஸ்மேன் முகம் மாறியது. உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார்.

"ஸ்டாக் வண்டி சார். யார்டுல நின்னுச்சு. ஒரு கிலோமீட்டர்கூட ஓடல," என்றார் மேனேஜர்.

"ஒரு வருசம் கட்டிப் போட்ட மாட்டுக்கு இன்னாத்துக்குயா உழுவுற மாட்டு வெல?"

அதிலேயே இரண்டு லட்சம் இறங்கியது. அடுத்து ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். வண்டியை அவர்கள் கழுவி, துடைத்து, நம்மிடம் தருவதற்கு நாம் கொடுக்கும் கூலி. கட்ட வேண்டியதில்லை என்று காதில் சொன்னேன். இன்சூரன்ஸை வெளியே போட்டால் குறையும் என்று சொன்னேன். நான் காதில் சொன்னதெல்லாம் அவர் வாயில் பெரிதாக வெளியே வந்தது.

"இன்னா ரெண்டு பேரும், கொழுந்தியாளுக்கு மாப்ள பாக்கற மாரி குசுகுசுன்னு!" என்றார் முதலாளியம்மா. சேல்ஸ்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "எந்திரிச்சிடுங்க மொதலாளி. வாசல் தாண்ட வுடமாட்டாங்க."

எழுந்தார். கண்ணாடிக் கதவில் கை வைக்கும்போது மேனேஜர் பின்னால் வந்துவிட்டார். இன்னும் நாற்பதாயிரம். மொத்தம் மூன்று லட்சத்து எண்பதாயிரம் குறைந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஒருநாளும் பட்டதில்லை. என் பணம் ஒரு காசு அதில் இல்லை. ஆனாலும் அந்தச் சந்தோஷம் என்னுடையது.

மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். "மாசக் கடைசி சார். இன்னிக்கே புக்கிங் போட்டாத்தான் இந்த ரேட்டு. டெலிவரி எப்ப வேணா எடுத்துக்குங்க."

அது ஆடி மாதம். முதலாளியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஆடியில கையெழுத்தா? வெளங்குமா குடும்பம்? ஆவணி பொறக்கட்டும்."

"ஆவணியில இந்த ரேட்டு இருக்காதும்மா," என்றார் மேனேஜர்.

அப்போது முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "இவன் வேதக்காரன்தான? இவனுக்கு ஏது ஆடி? இவன் பேர்ல போடுங்க. ஆவணியில நம்ம பேருக்கு மாத்திக்கலாம்."

மேனேஜர் யோசித்தார். பில் போடும்போது பெயரை மாற்றலாம், விலை மாறாது என்றார். முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாருய்யா எம்பொண்டாட்டி மூளைய!"

இந்த வார்த்தையை அவர் சொன்னார். என் காதால் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போட்டேன். முன்பணம் அவர் கட்டினார்.

நாங்கள் வந்த பழைய வண்டியை எடுக்க வெளியே வந்தபோது சேல்ஸ்மேன் பின்னாலேயே வந்தார். "அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே. ஒங்கள தனியா கவனிச்சுக்குறோம்."

கார் விற்கிற இடத்தில் டிரைவருக்குக் கவரில் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். நான் தலையை ஆட்டி, "வேணாம் சார்" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. கூச்சத்தில் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காப்பித் தண்ணி நீட்டினால்கூட முதல் தடவை யாரும் வாங்குவதில்லை. இரண்டு தடவை வேணாம் சொல்லி, மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. சேல்ஸ்மேனும் இந்தப் பக்கத்து ஆள்தான். என் வேணாமை முதல் வேணாமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கேயே நின்று உரக்க இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஸ்டீரிங்கைப் பிடித்தேனே, அந்தக் கோபம் என்மேல் எனக்கு.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கார் எடுக்கப் போனோம். சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். முதலாளியின் தங்கை குடும்பம், மச்சான் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். கேக் வெட்டினார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். முதலாளிக்கு அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இந்த வியாபாரத்த நம்ம ஷோரூமுக்குக் கொண்டுவந்தவரு இவரு. புக்கிங் இவரு பேரு, பில்லு சார் பேரு. அதனால கம்பெனி சார்பா இவருக்கு ஒரு சின்னப் பரிசு!"

எல்லாரும் கை தட்டினார்கள். சேல்ஸ்மேன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் கையில் ஒரு கவர். உள்ளே இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்குகிற கார்டு.

கவரை அப்படியே முதலாளியின் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுக் காரை நான்தான் ஓட்டினேன். தவளக்குப்பம் தாண்டியதும் முதலாளி கேட்டார்.

"இவ்ளோதானா?"

"இன்னா மொதலாளி?"

"இல்ல... இவ்ளோதான் குடுத்தானான்னு கேட்டேன்."

பின்சீட்டிலிருந்து முதலாளியம்மா ஆரம்பித்தார். "ஆடியில எம்பேர்ல போடுங்கன்னு இவன் சொன்னப்பவே எனக்குத் தோணிச்சு. குசுகுசுன்னு பேசும்போதே தெரியல? இத்தினி வருசமா டீசல்ல எவ்ளோ, சர்வீசுல எவ்ளோ, யாரு கண்டா?"

"அம்மா, நீங்கதான சொன்னீங்க," என்றேன்.

"பாத்தீங்களா, எதுத்துப் பேசறான்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் புது டிஸ்பிளேயில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மறந்திருக்கலாம், இல்லை பொய் சொல்லலாம். இவருக்குத் தெரியும். தொடையில் தட்டிச் சிரித்தவர் இவர்தான். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். அந்தக் காரில் வேகம் தெரியாது, அவ்வளவு மெத்தென்று ஓடும்.

வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுக்கி ஏறி, காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். உறவுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மொதலாளி, நீங்க சொல்லுங்க. ஆடியில எம்பேர்ல போடச் சொன்னது யாரு?"

அவர் குனிந்து பம்பரில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதையைத் துண்டால் துடைத்தார். "நல்ல நாளும் அதுவுமா, இன்னாத்துக்குடா இப்ப அது?"

பத்தொன்பது வருஷத்தில் என்னை அவர் டா போட்டது அன்றைக்குத்தான். சாவியை பானெட்டின்மேல் வைத்தேன். சேலியமேடு வரைக்கும் நடந்து போய் பஸ் பிடித்தேன்.

இப்போது ஒரு அரிசி மில்லில் லோடு வண்டி ஓட்டுகிறேன். இந்த ஆடியில் முதலாளி போன் பண்ணினார். வருஷம் போனது தெரியாததுபோல் பேசினார்.

"எம் மச்சான் அதே காரு எடுக்குறாருய்யா. மேனேஜரு அசைய மாட்டேங்குறான். நீ வந்து காதுல சொன்னீனா போதும். அப்பிடியே ஒரு கையெழுத்து. ஒனக்குத்தான் ஆடி இல்லியே."

"அன்னிக்கி எம்பேர்ல போடச் சொன்னது யாருன்னு வூட்டுல சொன்னீங்களா?"

சிரித்தார். "இன்னும் அதையே புடிச்சுக்கினு கீறியா? வா, வா."

"வேணாம்."

"சும்மா சொல்லாதய்யா. ஒரு நட வந்துட்டுப் போ. ஒன்னைத் தனியா கவனிச்சுக்குறேன்."

"வேணாம்."

"வண்டி அனுப்பட்டுமா?" என்றார்.

மூன்றாவது வேணாம் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்குத் தெரியாது. மில்லுக்குள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள், முதுகில் மூட்டையோடு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.