பாடாமல் விட்ட பெயர்

தெங்காப்பட்டணத்தில் என் சாச்சி ஹபீபா பீவியின் வீட்டுக்கு யார் போனாலும், முதலில் அவள்தான் வெளியே வருவாள். கையைக் கவணித் துணியின் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தி, வளையத்தை விடாமல் பிடித்தபடி, என்ன காரியம் என்று தணிந்த குரலில் கேட்பாள். வந்தவர் சொல்லி முடித்த பிறகுதான் கதவு திறக்கும். சோறு போட மனசில்லாதவள் என்று ஊரில் கேலி உண்டு.

உள்ளே மாமியார் சைனப் பீவி இருந்தாள். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக் கூலியாளாக பஸ்ராவுக்குப் போன மகன், சாச்சியின் கணவன் மீரா முகைதீன், திரும்பவில்லை. இறந்தான் என்று சர்க்காரிலிருந்து தாக்கலும் இல்லை. அங்கே அரபிச்சியைக் கட்டிக்கொண்டு உம்மாவை மறந்துவிட்டான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவனைத் திட்டுவாள். திட்டும்போது முகம் தெளிந்திருக்கும்.

இருபத்தெட்டாம் வருஷம் குழித்துறையில் ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. யுத்தத்தில் மாண்டவர்களின் குடும்பங்களை முன்வரிசையில் உட்கார்த்தி, கடைசியில் மாண்டவர் பெயர்களைப் பாகவதர் விருத்தமாகப் பாடுவார். அழைக்க வந்த ஜான்ரோஸ் வாத்தியார் மீரா முகைதீன் பெயரும் உண்டு என்றார். கூடக் கப்பலேறிய ரசலையன் கொடுத்த பெயர். நான் முற்றத்தில் நின்றிருந்தேன். சாச்சியின் கை கதவு வளையத்தில் இறுகியது.

“கச்சேரி நடத்துங்க சாரே. அந்தப் பேரு மட்டும் பாடாண்டாம்.”

“மரியாதைதானே உம்மா?”

“பாடினா நான் கருகமணியைக் கழத்தணும், விதவையா இத்தா இருக்கணும். மையித்தைக் கண்டது ஆரு?”

பாட்டு கட்டியாகிவிட்டது, பாகவதரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார் அவர். அதற்குள் கச்சேரி என்ற சொல் மாமியாரின் காதில் விழுந்துவிட்டது. போயே தீரவேண்டும் என்று பிடித்த பிடியை அவள் விடவில்லை.

வண்டி கட்டிப் போனோம். பெண்களுக்கு ஓலைத்தட்டி மறைப்பு. அதை ஒட்டி நான் உட்கார்ந்தேன். என்ன பாடினார்கள் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது; பாகவதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்தோ ஒரு விம்மல் எழுந்தது.

ஒரு பெயருக்கு வாயைத் திறந்தவர் ஜான்ரோஸைப் பார்த்தார். ஜான்ரோஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். திறந்த வாய் வெறும் ‘ஆ’வாக நீண்டு, அப்படியே அடுத்த பெயரில் போய் இறங்கியது.

முடிந்ததும் மாமியாரின் குரல் கேட்டது. “கேட்டியா மோளே, நம்ம ஆளு பேரு இல்ல. கள்ளன் அங்க பேரீச்சம்பழம் தின்னுட்டு கெடக்கான்.”

“ஆமா மாமி.”

சைனப் பீவி மௌத்தாகி அடக்கமும் ஆகி வெகுநாள் கழித்து, சந்தையில் ரசலையன் என்னிடம் சொன்னார்: மீரா முகைதீனைத் தன் கையாலேயே மண்ணில் வைத்ததை, யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வாரமே சாச்சியிடம் சொல்லிவிட்டாராம். மாமியிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாளாம்.