ராசம்மா அக்கா வைத்த பொட்டு

போன வாரம் என் பிரிண்டர் மையைப் பற்றி இங்கே நீளமாகப் பீற்றிக்கொண்டேனே, அதை யாரும் நம்ப வேண்டாம்.

இன்று ஹாலிஎல தேயிலைத் தோட்டத்தில் மாரிமுத்து அண்ணனின் கருமாதி. அவருடைய அடையாள அட்டைப் படத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கறைகளை நீக்கி, பெரிதாக வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். பளபளக்கும் பேப்பர், பண்டாரவளையில் வாங்கிய ரீஃபில் மை.

"கண்ணாடி போடலியா தம்பி?" என்று அவர் மனைவி ராசம்மா அக்கா கேட்டார்.

"போட்டா பேப்பரோட பளபளப்பு தெரியாதுக்கா."

பெரிய நிபுணன்!

லயத்து வரிசை வீட்டுச் சனமே கூடி நின்று பார்த்தது. "அப்படியே பேசுற மாதிரி இருக்காருங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா சந்தனத்தைக் குழைத்து, ஈர விரலால் படத்தின் நெற்றியில் பொட்டு வைத்தார்.

மை கரைந்தது. கறுப்பும் நீலமுமாக ஒரு கோடு புருவத்தைத் தாண்டிக் கண்வரை இறங்கியது.

பொட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் அப்பா படத்துக்கும் வெள்ளிதோறும் வைக்கிறோம். அதற்குக் கண்ணாடி இருக்கிறது.

அக்கா முந்தானையால் ஒற்றப் போய், முகம் இன்னும் கலைந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"விடுங்க தம்பி. மலை ஏறி வந்தா அவருக்கு இப்படித்தான் வேர்த்து ஊத்தும்."

ஈரம் பட்டாலும் நிற்கிற மை எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பளபளப்பைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் பேசாதீர்கள்.