சீப்ஸ் எண்ணெய் குடித்த வண்டி

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கார் ஓட்டுவார். பக்தி என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். செருப்புக் காலால் மிதித்தால் ஆக்ஸிலேட்டர் தேவைக்கு மேல் அமுங்கி, வண்டி டீசலைக் கூடக் குடிக்குமாம். வெறுங்காலுக்கு அளவு தெரியுமாம். ஆரியங்காவிலிருந்து புளியறைக்கு இறங்கும் வளைவுகளில் இன்ஜினையே அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை நானும் கூட இருந்தேன். செக்போஸ்ட் வருகிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இனிமே ஒன்னய வச்சுக்கிட்டு அப்படி ஓட்ட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவர் பாணியில் காப்பாற்றவும் செய்தார்; அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

அது பெட்ரோல் வண்டியாகப் பிறந்த பழைய அம்பாசிடர். நடுவயதில் டீசல் இன்ஜின் மாற்றியது. தென்காசி ஸ்டாண்டில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பேசிப் பயனில்லை என்பதால். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பங்க்கில் 'இருப்பு இல்லை' என்று பலகை மாட்டிவிடுவார்கள். மற்ற டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் கை வைத்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அவருடைய பார்வை குற்றாலத்துச் சீப்ஸ் கடைகளின் மேல் விழுந்தது. சீசனில் அங்கே நேந்திரங்காய் சீப்ஸ் போட்டு மாளாது. எல்லாம் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயை டின்னில் வாங்கி வந்து, தெளியவைத்து, தன் பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். வண்டி ஓடியது. ஓடியது மட்டுமல்ல, போகிற தெருவெல்லாம் மணந்தது. பின்னால் சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பசி எடுத்தது. "மைலேஜ் கூடியிருக்குட்டி" என்று ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார். எனக்கு மைலேஜ் புரியாது. அவர் முகம் புரியும். அந்த முகத்துக்காகவே நானும் வேட்டியின் இன்னொரு முனையைப் பிடித்தேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்கு முந்தின சம்பந்தம் சகுனத்தில் கெட்டது. உறுதி செய்ய வந்தவர்களுக்கு எங்கள் தெருமுனையில் ஒருத்தி எண்ணெய்க் குடத்தோடு எதிரே வந்துவிட்டாள். அப்படியே திரும்பிப் போனவர்கள், ஆள் விட்டு வேண்டாம் என்று சொன்னார்கள். என் தங்கை அதற்குப் பிறகு வெகுநாள் வாசல் பக்கமே வரவில்லை. ஒரு குடம் எண்ணெயால் ஒரு பெண்ணின் முகம் அப்படிச் சுண்டிப்போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

புது மாப்பிள்ளைக்கு ராயகிரி. விவசாயக் குடும்பம், தங்கமான பையன். ஆனால் அவருடைய தாய்மாமா சகுனத்தில் கெட்டி. பூ வைக்க வந்த அன்று, சுமங்கலி ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருகிறவரை தெருமுனையில் வெயிலில் நின்றவர். அதைப் பார்த்த என் அப்பா, கல்யாணத்தன்று காலையில் கடை திறக்க வேண்டாம் என்று தெருவிலிருந்த எண்ணெய்க்கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. மாப்பிள்ளையை அழைத்து வருவது மூத்த மருமகனின் வேலை. "மாப்பிள்ளை கார் எம் பொறுப்பு" என்று என் வீட்டுக்காரர் சபையில் சொல்லிவிட்டார். பெரிதாகச் சீர் செய்ய எங்களிடம் வக்கில்லை. இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

தை மாதம். கல்யாணம் தென்காசியில், அப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டு. குற்றாலத்தில் சீசன் இல்லாததால் வாடகை வீடுகள் காலியாகக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டாரை அங்கே இறக்கி, உபசரிக்க நாங்கள் இருவரும் கூடவே தங்கினோம். அந்த வாரம் பங்க்கில் டீசல் அடியோடு இல்லை. டாங்கில் பாதிக்கு மேல் சீப்ஸ் எண்ணெய் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். "ஓடுமா?" என்றேன். "வெயில் காலம் பூரா ஓடலையா?" என்றார்.

விடியுமுன் எழுந்து தலைக்குத் தடவத் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்தால், அருவிக் காற்றுக்கு எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெந்நீர்ப் பானையில் குப்பியை இறக்கி உருக்கிக்கொண்டேன். குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். வண்டியில் மாப்பிள்ளை, அவருடைய மாமா, நான். இருமிக்கொண்டே கிளம்பிய வண்டி, மேலகரம் வருமுன் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

"என்னவே, நட்டநடு ரோட்டுல?" என்றார் மாமா.

"ஏர் பிடிச்சிருக்கும். இந்தா எடுத்துருதேன்" என்று இவர் பானெட்டைத் திறந்தார். பம்பை அமுக்கிப் பார்த்தார், அசையவில்லை. ஒரு நட்டைத் தளர்த்தி விரலை விட்டால், விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதை என்னவென்று தெரியாமல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. எண்ணெய் என்ற சொல்லை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கேருங்க, காலையில நான் எடுத்த குப்பி மாதிரியே இருக்கு பாத்தீங்களா" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன குப்பி, தாயி?" என்றார் மாமா.

"மருந்துக் குப்பி, மாமா."

"கையில வெள்ளையா என்னமோ இருக்கே?"

"கிரீஸ், மாமா" என்றார் இவர்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் கல்யாணக் கோலத்தைப் பார்த்து, கேள்வி கேட்காமல் பாய்லரிலிருந்து குடம் நிறைய வெந்நீர் பிடித்துக் கொடுத்தார். இவர் தோளில் கிடந்த புதுத் துண்டை ஃபில்டரில் சுற்றிக் கட்டினார். நான் ஊற்ற ஊற்ற, பைப்பைக் கையால் உருவிக்கொண்டே வந்தார். வெந்நீர் அவர் கையிலும்தான் விழுந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணவறையில் என் தங்கை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை முட்டியது.

ஒருவழியாக வண்டி செருமியது. வெள்ளைப் புகையோடு சீப்ஸ் வாசனை சாலையெல்லாம் பரவியது.

மாமா மூக்கை உறிஞ்சினார். "எங்கனயோ சீப்ஸ் போடுதாவ போலிருக்கு."

"ஆமா மாமா, இங்கன ஒரு கடை இருக்கு" என்றேன்.

"இம்புட்டு வெள்ளனயா?"

விடிகாலையில் ஏது சீப்ஸ் கடை? நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் ரயில்வே கேட்டில்கூட இன்ஜினை அணைத்துவிடுகிற மனிதர், அன்று பந்தல் வாசலில் அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உறைந்துவிடும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலுக்குக் கூட்டிப் போக முடியாதே என்ற பயம். வண்டி உறுமிக்கொண்டிருக்க, சிவந்த கையோடு அதன் பக்கத்திலேயே நின்றார். கெட்டிமேளத்தை அவர் தெருவில் நின்றுதான் கேட்டார். "மூத்த மருமகன் எங்கே?" என்று அப்பா தேடினார். அவர் பங்கு அட்சதையையும் சேர்த்து நான்தான் போட்டேன்.

அதோடு எண்ணெய் விவகாரம் முடிந்தது. டின்களைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டார். டீசல் கிடைத்தால் ஓட்டுவார், இல்லையென்றால் வீட்டில் படுத்துக் கிடப்பார். மைலேஜ் பேச்சே இல்லை. ஒருநாள் பார்க்கிறேன், செருப்போடு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுக்கிறார். விட்டது தொல்லை என்று நான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், தங்கையும் அவள் வீட்டுக்காரரும் குற்றாலத்தில் குளிக்க வந்தார்கள். கூடவே அந்த மாமாவும். பஸ் ஸ்டாண்டுக்கு அழைக்கப் போயிருந்தோம். மாமா இறங்கும்போது கையில் ஒரு டின் இருந்தது. நேராக என் வீட்டுக்காரரிடம் வந்து நீட்டினார்.

"கடலை எண்ணெய், தம்பி. செக்குல அடியில நின்ன கசடு, சமையலுக்கு ஆவாது. இது உறையாது."

இவர் வாங்காமல் நின்றார். "மாமா, அன்னைக்கு..."

"வெள்ளையா ஒரு கிரீஸ நான் இந்த வயசுக்குப் பாத்ததில்லவே. மணவறையில ஒரு பொண்ணு காத்துக் கெடக்கும்போது வாயத் தொறக்கவா?"

"சகுனம் பாப்பீங்களே, மாமா" என்று நான்தான் கேட்டுவிட்டேன்.

"எண்ணெ எதிர்ல வந்தாத்தான் தாயி சகுனம். கூடவே வந்தா ஒண்ணும் கெடையாது."

தங்கை என் தோளில் சாய்ந்து சிரித்தாள். என் வீட்டுக்காரர் டின்னை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மாமாவை முன் சீட்டில் ஏற்றி, டின்னை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்து செருப்பைக் கழற்றினார்.