சக்கரத்திடம் கேட்ட மன்னிப்பு

எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு காரை ஜாக்கியில் தூக்கி, பனிக்காலச் சக்கரம் மாட்டிவிடுவோம். ஈஸ்டருக்கு மறுபடி மாற்றுவோம். மற்றவர்களுக்கு அது அரைமணி நேர வேலை. ஃபோல்க்மார் வீட்டில் மட்டும் அது திருவிழா. அக்கம்பக்கத்து ஆண்கள் ஆளுக்கொரு பியர் பாட்டிலோடு போய் நிற்போம்.

அவன் கோடையில் ஓட்டும் சக்கரங்கள் பத்தொன்பது அங்குலம், வெண்கல நிறம். சாலையில் கொட்டும் உப்பு அவற்றை அரித்துவிடும் என்பதால், காரோடு வந்த பதினைந்து அங்குல இரும்புச் சக்கரங்களைப் பனிக்காலத்துக்கு மாட்டுவான்.

மாட்டுவதுதான் அவன் வேலை. கழற்றிய பெரிய சக்கரங்களைக் கழுவி, மெழுகு தேய்த்து, நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவன் மனைவி ஹைட்ரூன். போல்ட்டுகளைப் பிரித்து வைப்பதும் அவள்தான். பெரிய சக்கரத்துக்கான போல்ட்டின் தலைக்கு அடிப்பக்கம் கூம்பாக இருக்கும். இரும்புச் சக்கரத்துடையது உருண்டையாக இருக்கும். மாற்றிப் போட்டால் முதலில் இறுகின மாதிரிதான் தெரியும். ஓட ஓடக் கழன்றுவிடும். அதனால் அவள் இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு வைப்பாள். பதினொரு வருடங்களில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. அந்த வருடம் செப்டம்பரில் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். சக்கரம் மாற்றிய அன்று, கட்டுப் பிரித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"இன்னைக்கு நான் தூக்கித் தரேனே," என்றேன்.

"அவ தூக்குவா. கை ஆறிடுச்சு," என்றான் ஃபோல்க்மார்.

மூன்றாவது சக்கரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அது அவள் பிடியிலிருந்து நழுவியது. கல்படிகளில் மோதி உருளும் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்டது. ஃபோல்க்மார் இறங்கிப் போய்ச் சக்கரத்தை எடுத்து வந்தான். விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவன் கத்தவில்லை. சக்கரத்தைத் தரையில் விரித்திருந்த கம்பளியில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"மன்னிப்புக் கேளு."

"தெரியாமப் போச்சு, ஃபோல்க்மார். கை பிடிக்கல."

"என்கிட்ட எதுக்குடி கேக்கற? அடிபட்டது அது. அதுகிட்ட கேளு. குனிஞ்சு கேளு."

அவள் எங்களைப் பார்த்தாள். யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அவள் குனிந்து, "மன்னிச்சுக்க," என்றாள் சக்கரத்திடம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அதற்குப் பிறகு அவன் இரும்புச் சக்கரங்களை மாட்ட உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து போல்ட்டை அள்ளினான். ஹைட்ரூன் அதைப் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஃபோல்க்மார், அந்த..."

அவன் திரும்பாமலே விரலைத் தூக்கினான். "உன் பேச்சு எல்லாம் இன்னைக்குச் சக்கரத்துகிட்டதான். இருபத்திரண்டு வருசமா போல்ட் ஃபேக்டரில இருக்கறவனுக்கு நீ பாடம் எடுக்காத."

மறுபடி சிரிப்பு. அவள், அவன் திறக்காத இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் முதல் பனி விழுந்தது. தேவாலயத்துக்குக் கீழே உள்ள வளைவில் அவன் காரின் இடது முன்சக்கரம் கழன்று தனியே ஓடியது. கார் சுவரில் மோதி நசுங்கியது. காரை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டவேண்டியதாயிற்று.

ஆறு வாரம் ஹைட்ரூன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முகம் துடைத்துவிட்டாள், ஊட்டிவிட்டாள். அவன் எழுந்து உட்கார முடிந்த அன்று, அவனாகவே கேட்டானாம், போல்ட் எப்படிக் கழன்றிருக்கும் என்று.

"கூம்பு போல்ட்டு. நீ எடுக்கறதப் பாத்தேன்," என்றாளாம்.

அவன் போட்ட கூச்சலில் நர்ஸுகள் ஓடி வந்தார்கள். போலீசுக்கும் சொன்னான். ஒரு அதிகாரி வந்து எங்களை விசாரித்தார். அவள் சொல்ல வந்ததையும், அவன் அவள் வாயை அடைத்ததையும், நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு போனார். வழக்கு எதுவும் வரவில்லை.

வீடு ஹைட்ரூனின் அப்பா விட்டுப்போனது. அவனை அங்கே திரும்ப வர அவள் விடவில்லை. மார்ச் மாதம் அவனுடைய அண்ணன் வேனில் அவனை அழைத்து வந்தான், சாமான்களை எடுத்துப்போக. நான்கு வெண்கலச் சக்கரங்களையும் நான்தான் தூக்கி ஏற்றினேன். ஃபோல்க்மார் முன் சீட்டிலிருந்து கண்ணாடியை இறக்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் அதட்டலாக. பிறகு அழுகையாக. "ஒரு தடவை வெளிய வா. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் சமையலறை ஜன்னலோரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேன் புறப்படும்வரை எங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொண்டாள்.