மாமாவின் ஸ்பானிஷ்

என் மாமாவுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நான் வகுப்பில் கைதூக்கிச் சொன்னது பொய் அல்ல. அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் ஒரே ஒரு உதைபந்தாட்டக் கோப்பையிலிருந்து வந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அது ஒரு குறை என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவும் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில் கனடாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர், மெக்சிகோவில் ஏழு மாதம் நின்றுவிட்டு, பிறகு எப்படியோ நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். “கனடாவுக்கெண்டு ஏறினவன் என்ர சோபாவில வந்து இறங்கினான்” என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்வார். தமிழ்க் கடை ஒன்றில் மீன் வெட்டுவது மாமாவின் வேலை. செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவருவது அவர்தான்.

வீட்டுக்கு இருபது நிமிட நடை. அதற்குள் மாமா நேரடி வர்ணனை மாதிரிச் சொல்லும் ஓர் ஆட்டம் சரியாக அடங்கும். மாமா மெக்சிகோவில் நின்ற காலத்தில் அந்த நாட்டுக் கோப்பையில் ஒரு சிறு நகரத்துக் கழகம் சுற்றுச் சுற்றாக மேலே ஏறியதாம். சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். இரண்டாம் பிரிவில் விளையாடும் கழகம். கோல்காப்பாளர் காலையில் பஸ் ஓட்டிவிட்டு மாலையில் வந்து கையுறை போடுவார். முன்னணி ஆட்டக்காரனுக்குத் தச்சன் என்று பட்டப்பெயர். எங்கிருந்து அடித்தாலும் பந்து ஆணி மாதிரி நேராகப் போகும் என்பார் மாமா. தலைநகரத்துப் பெரிய கழகம் ஒன்றை அவர்கள் கடைசி நிமிடக் கோர்னரில் வீழ்த்தினார்கள். அந்தக் கோல் எங்கள் வழியில் இருந்த தபாற்கந்தோருக்கு முன்னால் விழுந்தது. ‘கோல்’ என்ற ஒற்றைச் சொல்லை ஒரே மூச்சில் கோழிப்பொரியல் கடைவரை மாமா இழுத்துக்கொண்டு போனார். பஸ் தரிப்பில் நின்ற ஜமெய்க்கா நாட்டு அம்மா ஒருவர் கைதட்டினார்.

எந்த நிமிடம், பந்து கோலிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, எல்லாம் அவருக்கு நினைவில் இருந்தது. ஒரே ஆட்டத்தை இரண்டு முறை சொன்னாலும் ஒரு நிமிடமும் பிசகாது. எங்கள் வகுப்பில் யாருடைய மாமாவிடமும் இப்படி ஒரு கோப்பை இல்லை.

“லீக் எண்டா தோத்தாலும் அடுத்த கிழமை விளையாடலாம். இது அப்பிடியில்லை, பிள்ளை. ஒருக்காத் தோத்தா வீட்ட போகவேணும்.”

“வீட்ட போறது நல்லதுதானே மாமா?”

மாமாவின் ஆட்டத்தில் அப்போது ஒரு ஃப்ரீ கிக் கிடைத்திருந்தது. அதை எடுக்கப் போய்விட்டார்.

லூபே எங்கள் வகுப்புக்கு வந்தபோது கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை இருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த பிள்ளை. என் மேசையில்தான் இருத்தினார்கள். முதல் நாள் மிஸ் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்று, “பிரெஸென்தே” என்றாள். வந்திருக்கிறேன் என்பதற்கு அவளுடைய நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். பின்வரிசைப் பையன் ஒருவன், எனக்கும் ஒரு பிரெசென்ட் தா என்று கையை நீட்டினான். முழு வகுப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு லூபே பேசவில்லை. பெப்ரவரி வந்தும் ஒரு சொல் இல்லை. காதைப் பரிசோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. அரைத்தவணை விடுமுறைக்குப் பிறகு அவளை ஒரு வகுப்புக் கீழே, சின்னப் பிள்ளைகளோடு விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேசாவிட்டாலும் அவள் என் கணக்குகளைத் திருத்தித் தருவாள். அவள் போவதை நான் விரும்பவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. லூபேயின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். எங்கேயோ துப்புரவு வேலை முடித்து நேராக வந்தவர். மேலங்கிக்குள் நீல ஏப்ரன் தெரிந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மிஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் கைதூக்கினேன். மிஸ் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு கடைக்கு ஃபோன் எடுத்தார்.

பத்து நிமிடத்தில் மாமா வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்திருந்தாலும் மணிக்கட்டில் இரண்டு மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. மிஸ் சிரித்த முகத்தோடு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

“என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?” என்று மாமா தணிந்த குரலில் கேட்டார்.

“நீங்கள் கதைப்பீங்கள்தானே?”

“கதைப்பன். என்ன கதைப்பன் எண்டதுதான் கேள்வி.”

பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியைத் தொட அவர் உட்கார்ந்தார். நானும் லூபேயும் புத்தக மூலையில் இருந்தோம். கீழ் வகுப்பில் லூபே கூடுதல் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைக்கிறோம், இதைத் தாயிடம் சொல்லுங்கள் என்றார் மிஸ். மாமா நெற்றியைத் தடவினார். பிறகு நிமிர்ந்து, செவ்வாய்க்கிழமைக் குரலில், மூச்சுவிடாமல், சீமாட்டிகளே சீமான்களே என்ற பொருளில் தொடங்கினார். அந்த அறையில் சீமான்கள் யாரும் இல்லை. தாய் நிமிர்ந்து பார்த்தார். லூபேயும் பார்த்தாள். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு எனக்கு லூபேதான் சொன்னாள்: ‘பயிற்சியாளர் ஆளை மாற்ற யோசிக்கிறார். லூபே பெஞ்சுக்குப் போகிறாள். வெளியேற்றம் இல்லை, பெஞ்சு மட்டும்.’

தாய் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவரும் அதே உதைபந்தாட்ட மொழிக்கு இறங்கிவந்தார். நீளமாகப் பேசினார். மாமா தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒரு சொல்லையும் அவர் தவறவிடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

“மிஸ், நோ இஞ்சரி,” என்றார் மாமா. “ஹோம், ஃபுல் அட்டாக். வன் மினிட் நோ ஸ்டொப். ஸ்கூல், ஃபெர்ஸ்ட் டே, வன் வேர்ட் சேயிங், ஆல் லாஃபிங். நவ் டிஃபென்ஸ் ஒன்லி.”

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். மாமா என் பக்கம் திரும்பினார்.

“நீயும் சிரிச்சனியோ?”

“ஓம்.”

அவர் மிஸ்ஸிடம் திரும்பி, இது தாய் சொல்வது இல்லை, தான் சொல்வது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சொன்னார்: “ப்ளீஸ், நோ சப்ஸ்டிடியூஷன். கிவ் எக்ஸ்ட்ரா டைம்.”

மிஸ் ஈஸ்டர் வரை தந்தார். அந்தத் தேதியைத் தாய்க்கு விளக்க மாமாவுக்குச் சொல் கிடைக்கவில்லை. விரலால் கிழமைகளை எண்ணிக் காட்டினார்.

வாசலில் நால்வரும் நின்றோம். அந்தக் கோப்பையையும் சிறு நகரத்துக் கழகத்தையும் பற்றி மாமா சொல்ல, தாயின் முகம் மாறியது. இப்போது அந்தக் கோப்பையை நடத்துவதில்லை என்று கையை விரித்தார். தன் தகப்பனோடு மைதானத்துக்குப் போனதைச் சொன்னார். பிறகு மாமாவிடம் சின்னதாக ஒரு கேள்வி கேட்டார். மாமா தெருவைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“சோம்ப்ரா,” என்றார் மாமா.

தாய் புருவத்தை உயர்த்தி, மரியாதையாகத் தலையசைத்தார்.

“என்ன கேட்டவா?” என்றேன், வழியில்.

“எந்தப் பக்கத்தில இருந்து பாத்தனீங்கள் எண்டு. வெயில் பக்கமோ, நிழல் பக்கமோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நிழல் எண்டன்,” என்றார். அன்று வழியில் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, பெயர் கூப்பிட்டபோது லூபே எல்லோரையும் போல “ஹியர், மிஸ்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் அவள் ஓயாமல் பேசுவாள் என்று தாய் சொன்னது உண்மை என்று ஈஸ்டருக்குள் தெரிந்துவிட்டது. மிஸ் அவளை வாய் மூடச் சொல்லவேண்டி வந்தது. கீழ் வகுப்புப் பேச்சு பிறகு எழவே இல்லை. அவள் எனக்கு நீளமாக விளக்கிய முதல் விஷயம் மைதானத்தைப் பற்றியது. வெயில் பக்கத்தில் சாதாரண ஆட்கள் தொப்பியும் செய்தித்தாளும் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நிழல் பக்கத்து டிக்கெட் விலை கூட. வசதியானவர்கள்தான் அங்கே இருப்பார்கள்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, பேச்சோடு பேச்சாக மெக்சிகோவைப் பற்றிச் சொன்னார். ஒரு அறை. பன்னிரண்டு பேர். ஜன்னலுக்குக் காட்போட் மட்டை அடித்திருந்தது. கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்ட் சொல்லும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. முன்னால் தங்கிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு சின்ன ரேடியோ இருந்தது. ரொட்டி கொண்டுவந்து தருகிற கிழவர் அதில் வரும் ஆட்ட வர்ணனையில் இரண்டொரு சொல்லுக்குக் கையால் விளக்கம் சொல்லிவிட்டுப் போவார். “ஏழு மாதம் அவன் வெயிலைக் காணேல்லை” என்று சொல்லி, அம்மா அடுத்த சட்டையை எடுத்தார்.

அந்த வசந்தத்தில் எனக்குத் தெரிந்தது லூபே சொன்னது மட்டும்தான். அவள் மைதானத்தைப் பற்றிச் சொன்னதற்கு அடுத்த நாள், மதியச் சாப்பாட்டு வரிசையில், தட்டைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவர்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்: என் மாமா மெக்சிகோவில் ஒரு கோப்பை முழுவதையும் பார்த்தவர், அதுவும் விலை கூடிய பக்கத்தில் உட்கார்ந்து.